மொலகாயில் நிற்கும் கப்பல்

ஹிலோ,
செவ்வாய்க்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரம்.

கர்த்தருக்குள் பிரியமான புவாநானி அக்காவுக்கு, உங்கள் தங்கை முறையான தெல்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் கொழுந்தனார் எல்மரும் என் கோழிகளும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம். அங்கே நீங்களும் ஓபெட் அத்தானும் அதே கிருபைக்குள் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இந்த வாரம் மத்தியானமும் சேர்ந்துகொண்டது. ஏன் என்று கீழே வருகிறது.

உங்கள் கடிதம் வந்தது. அத்தானுக்குக் கண் மங்கிக்கொண்டே போகிறது, இனி தெளியாது என்று ஹொனலூலு டாக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். "எல்மர் மூஞ்சிய ஒரு தடவ சரியா பாத்துட்டாப் போதும், ஆனா நான் கூப்பிடமாட்டேன்" என்று அத்தான் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் இருந்த கறி தீய்ந்துபோனது. இவர் வந்து மூக்கைச் சுளித்து, "என்ன வாசம்?" என்றார். "கறி" என்றேன். "யார்கிட்டருந்து கடுதாசி?" என்றார். அதற்கும் "கறி" என்றே சொல்லிவிட்டேன், அவ்வளவு பதற்றம் எனக்கு.

அக்கா, உங்கள் கொழுந்தனார் விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாமனார் விட்டுப்போன படகை அத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றதும், வாங்கினவன் வந்து சொல்லித்தான் இவருக்குத் தெரியவந்ததும், அத்தான் மொலகாயில் உங்கள் பூர்வீக நிலத்துக்கே குடிவந்துவிட்டதும் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. உங்கள் மொலகாய் தீவுக்கு ஒரு விமானம் மாறி ஏறினால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். அதைச் சொன்னால், "டிக்கெட் எடுத்துப் போனா அவனப் பாக்கணும்னு போன மாதிரி ஆயிடும்" என்கிறார். "அதுக்குத்தானே போறோம்" என்றால், "அதான் போகமாட்டேங்கிறேன்" என்கிறார். இந்த மனுஷனோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

அந்த நாற்பதுக்காகத்தான் இந்தக் கப்பல் வந்தது. லாஸ் வேகஸில் ஓட்டல் வேலையில் இருக்கும் எங்கள் மகள் மேவிஸ், கல்யாண நாள் பரிசாக எங்களை அக்டோபரில் தீவுகளைச் சுற்றும் கப்பலில் அனுப்பப் போகிறாளாம். "அம்மா, ரெண்டு கப்பல் இருக்கு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. ரெண்டு பேருமாப் பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று இரண்டுக்கும் படப் புத்தகம் அனுப்பிவைத்தாள். பிறந்ததிலிருந்து இந்தத் தீவுகளிலேயே கிடக்கிறவர்களுக்கு இந்தத் தீவுகளைச் சுற்றிக் காட்ட ஒரு கப்பல் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு சின்னக் கப்பல் புத்தகத்தைத் திருப்பினேன். வரைபடத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு கோடு போய் மொலகாயில் கௌனகாகாய் துறையில் நிற்கிறது. இவர் மொலகாய்க்குப் போகமாட்டார், சரி. ஆனால் ஏறி உட்கார்ந்த கப்பல் தானாக மொலகாயில் போய் நின்றால் அது கப்பல் போனதாகத்தானே ஆகும்? இறங்குவது ஒரு மரியாதைக்கு. துறையில் அண்ணன் நிற்பது தற்செயல். கர்த்தர் வழி திறந்துவிட்டார் என்று ஸ்தோத்திரம் சொல்லி, அந்த வரைபடப் பக்கத்தை மட்டும் கிழித்து ஒளித்துவிட்டு, இரண்டு புத்தகத்தையும் இவர் கையில் கொடுத்தேன். ஒளித்தது பொய்யில் சேருமா என்று மத்தியான ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இவர் பெரிய கப்பலைத்தான் பிடித்துக்கொண்டார். அதில் இரண்டாயிரம் பேர் போகலாம், சாப்பிடவே பத்துப் பன்னிரண்டு இடம், நீச்சல்குளம், ஆட்டம் பாட்டம். மாவி, காவாய், கோனா எல்லாம் போகும், மொலகாய் பக்கம் தலைவைத்தும் படுக்காது. வேடிக்கை என்னவென்றால் அது ஹிலோவிலும் ஒரு நாள் நிற்கிறது. அதாவது நாங்கள் விமானம் ஏறி ஹொனலூலு போய், அங்கே கப்பல் ஏறி, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கிற துறைமுகத்துக்கே வந்து இறங்க வேண்டும். நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "நல்லதுதானே. நடுவுல வீட்டுக்கு வந்து நம்ம பாத்ரூம்ல குளிச்சிட்டு, கோழிக்குத் தீனி போட்டுட்டு, சாயங்காலம் போய் ஏறிக்கலாம்" என்கிறார்.

சின்னக் கப்பல் பற்றிச் சொன்னேன். முப்பத்தாறு பேர்தான், கூட்டம் இல்லை, பெரிய கப்பல் நுழையாத குடாவுக்குள் எல்லாம் போய் நங்கூரம் போடும், ஆமையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்றேன். "ஆமை நம்ம பீச்சுலயே படுத்துக் கெடக்கு" என்றார். கட்டணம் சின்னதில்தான் அதிகம் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார், அது எனக்கே உறுத்திக்கொண்டிருந்த விஷயம். சந்தையில் சின்ன மீனுக்குப் பெரிய மீனைவிட அதிக விலை சொன்னால் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஆனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "தரம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன். நாற்பது வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சின்னது ஆடும், எனக்கு ஒத்துக்காது" என்று அடுத்ததை எடுத்தார்.

"முப்பது வருஷம் மீன் பிடிக்க எதுல போனீங்க, கட்டில்லயா?"

"அது நான் ஓட்டினது. அடுத்தவன் ஓட்டினா எனக்குக் கொமட்டும்."

சரி, பெரிய கப்பலை நேரில் காட்டி வெறுக்கவைப்போம் என்று, அது ஹிலோவுக்கு வருகிற நாளில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கூட்டத்தையும் வரிசையையும் பார்த்தால் இவருக்கே மூச்சு முட்டும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு அரிசி பருப்பில் தப்பியதே இல்லை, இதில் தப்பிவிட்டது. துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தினதுதான் தாமதம், ஒஹாயோவிலிருந்து வந்த இரண்டு தம்பதிகள் இவரைச் சுற்றிக்காட்டுகிற ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள். இவரும் இறக்கிவிடாமல், "எங்க போகணும்?" என்கிறார். அருவி காட்டினார், கறுப்பு மணல் கடற்கரை காட்டினார், பிறகு, "வீட்டுல மீன் பொரிச்சிருக்கு, வாங்க" என்று கூட்டிவந்துவிட்டார். மீன் பொரிக்கவே இல்லை, அக்கா, அவர்களை உட்காரவைத்துவிட்டுப் பிறகுதான் நான் பொரித்தேன். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கப்பலைப் புகழ்கிறார்கள், இவர் வாயைப் பிளந்து கேட்கிறார். நடுராத்திரி எழுந்து போனாலும் சூடாக நூடுல்ஸ் கொடுப்பார்களாம். ஐஸ்கிரீம் குழாயைத் திருகினால் வருமாம். "படுத்தா வீட்டுல படுத்த மாதிரி இருக்கு, ஆட்டமே தெரியல" என்று அந்த அம்மாள் வேறு சொல்லிவைத்தாள். அதற்குள் கப்பல் ஊதிவிட்டது. நாலு பேரும் பதறி ஓடி வாசலில் கழற்றிவிட்டிருந்ததில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். நான் ஆராதனைக்குப் போட்டுப்போகிற செருப்பு இப்போது காவாயில் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு மிஞ்சினது ஒரு ஒஹாயோ ஆணின் சப்பாத்து, அதுவும் இடதுகால் மட்டும்.

துறைமுகத்தில் அவர்களை விட்டுவிட்டு இவர் திரும்பி வந்து, "தங்கமான மனுஷங்க. தெல்மா, பெருசே போடச் சொல்லிரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒரு தீர்மானத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன். ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் கப்பல் விஷயம் வெளியே வந்து சபையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஹாரியட் அம்மாள், "தேவன் நோவாகிட்ட என்ன சொன்னாரு? பெருசாக் கட்டுன்னுதானே சொன்னாரு" என்றாள். சபை உதவிக்காரர் ஐசக், "இயேசு ஏறிப் படுத்துத் தூங்கினது சின்னப் படகு. மீன்பிடிக்கிறவங்களோட படகு" என்று எல்மரைப் பார்த்துச் சொன்னார். "அதுலதான் புயல் வந்துச்சு" என்றாள் ஹாரியட். "வந்துச்சு, அடங்கிச்சுல்ல" என்றார் ஐசக். "பேழை மட்டும் முழுகிடுச்சா?" என்று மேசையின் கோடியிலிருந்து யாரோ கேட்டார்கள். அப்புறம் யோனா ஏறினது பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்று ஒரு கேள்வி கிளம்பியது. போதகருக்கே தெரியவில்லை. ஹாரியட் அம்மாள் ஒரு துண்டு கேக்கை வெட்டிக்கொண்டே, "எதுவா இருந்தா என்ன, யோனாவுக்குக் கப்பல்ல தகராறு இல்ல, தேவன் போகச் சொன்ன ஊருக்குப் போகமாட்டேன்னதுலதான் தகராறு" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். அவளுக்கு நம் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது, சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. இவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த ஹாரியட்டுக்கு வயசாயிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

நேற்று இன்னொன்று. வேறு தீவுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா? அத்தானுக்குப் பிடிக்குமே என்று லிலிகோய் பழ ஜாம் நாலு ஜாடி கிளறி வைத்தேன், புகைபோட்ட மார்லின் மீனுக்கும் சொல்லிவைத்தேன். அக்டோபருக்கு இப்போதே எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இவர் வந்து ஜாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"கப்பல் கேப்டனுக்கு."

"நாலுமா?"

"பெரிய குடும்பமாம்."

ஜாடியை வைத்தார், இன்னொரு தடவை தூக்கினார், மறுபடியும் வைத்தார். படகுக் கொட்டகைக்குப் போனார். அங்கே படகு இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு என்னத்தையோ தட்டிக்கொண்டிருந்தார்.

எனவே அக்கா, இன்று காலை இவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மேவிஸைக் கூப்பிட்டுச் சின்னக் கப்பல் என்றே சொல்லிவிட்டேன். "அப்பா சரின்னாரா?" என்று கேட்டாள். "மறுப்புச் சொல்லல" என்றேன். யோனாவைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து மறுப்புச் சொல்லவில்லைதான், நான் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. அக்டோபர் இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் கௌனகாகாய் துறைக்கு வரும், மத்தியானம் கிளம்பிவிடும். நீங்கள் அத்தானை மீன் வாங்கக் கூட்டிவருகிற மாதிரி துறைக்குக் கூட்டிவாருங்கள். எல்மர் வருகிறார் என்று மட்டும் அத்தானிடம் மூச்சுவிடாதீர்கள். சொன்னால் அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார், இவர் கப்பலிலேயே உட்கார்ந்துகொள்வார், நாம் இரண்டு பேரும் துறையில் நின்று ஜாடியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இருவரும் முகத்துக்கு முகம் வந்துவிட்டால் மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அதுவரை அத்தான் கண்ணில் இருக்கிற வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும். எனக்கு அந்த ஒரே பயம்தான், அக்கா. மற்றபடி செருப்பு போனதெல்லாம் போகட்டும்.

கோழிகள் கத்துகின்றன, போய் வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், ஆனால் நான் எழுதினதாகச் சொல்ல வேண்டாம். ஆண்டவருடைய கை உங்கள் கூரையின்மேலும், அத்தான் கண்ணின்மேலும், இந்த வருஷம் நீங்கள் நட்ட சர்க்கரைவள்ளியின்மேலும் இருப்பதாக.

ஜெபத்தில் உங்களை மறவாத,
தெல்மா.

பி.கு: அண்ணி, இது எல்மர் எழுதுறது. தெல்மா கோழிக்குத் தீனி போடப் போயிருக்கா, உறை இன்னும் ஒட்டல. முழுசாப் படிச்சிட்டேன். அண்ணன் கண் விஷயத்த எனக்கு யாரும் சொல்லல. அக்டோபர் ரொம்ப தூரம். அரை நாளும் பத்தாது, படகு விஷயமா நான் பேச வேண்டியதுக்கே ஒரு முழு நாள் வேணும், அதுக்கு அவர் பதில் சொல்ல இன்னொரு நாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை விமானத்துல நாங்க ரெண்டு பேரும் வர்றோம், டிக்கெட் நான் எடுத்துடுறேன். மேவிஸ்கிட்டயும் பேசிப் பெரிய கப்பலுக்கே மாத்தச் சொல்லிடுறேன், நாலு பேருமாப் போவோம். சின்னதுல ஏணி செங்குத்தா இருக்கு, படத்துல பாத்தேன், அண்ணனுக்குத் தடுக்கும். பெருசுல நெடுகக் கைப்பிடி இருக்கு, லிப்ட் இருக்கு, அந்த ஒஹாயோக்காரங்க சொன்னாங்க. நான் இதப் படிச்சேன்னு தெல்மாகிட்ட நீங்க சொல்ல வேணாம், ஜெபத்துக்குக் கெடச்ச பதில்னு நெனச்சுக்கட்டும். அது இல்லன்னு சொல்ல எனக்கும் தைரியம் இல்ல. நீங்க வண்டிய எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கு வரும்போது அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. உள்ள இருட்டா இருக்கும், வெளிய வெயில் நல்லா விழற எடமாப் பாத்து அவர நிக்கவைங்க.