ஆறாவது பாயிண்ட்

நடந்தது இவ்வளவுதான்:

1. நாங்கள் சங்கத்துக்குச் சந்தா கொடுப்பதை நிறுத்தினோம்.
2. சங்கத் தலைவர் வருவதை நிறுத்தினார்.
3. அவருக்குப் பதிலாக நான் பேசினேன்.
4. மாதக்காவுக்கு வேலை போயிற்று.

இதில் மூன்றாவதை மட்டுமாவது தவிர்த்திருக்கலாம் என்பது என் அம்மாவின் கருத்து. எழுதிப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. இப்படி வரிசை போட்டு யோசிக்கும் பழக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது என்பதால், இனி எண் போடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த கையோடு, மைசூரில் ஸ்டெபிலைசர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஓடாத பெட்டியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு இணைப்பாகத் துண்டித்துக்கொண்டே வர வேண்டும்; எதைத் துண்டித்ததும் நிலைமை மாறுகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. பெட்டிகளிடம் இது தவறியதே இல்லை. (மனிதர்களிடமும் தவறாது என்று அப்போது நம்பினேன். டிப்ளமாவில் முதல் வகுப்பு வாங்கியவர்களுக்கு இந்த நோய் கொஞ்ச நாள் இருக்கும்.)

மாதக்கா, செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் காயில் பிரிவில் இருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர்; கொங்குப் பேச்சு, 'என்' என்பது அவர் வாயில் 'என்ற' என்று வரும். மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில், இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியிருந்தார். புருஷன் என்று ஒருவர் எங்கோ இருந்தார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மாதக்கா பஸ் வருகிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் சுற்று இயந்திரத்தில் கம்பி அறுந்தது. அதைப் பிடிக்கப் போன மாதக்காவின் வலது கை உள்ளே இழுபட்டு, இரண்டு விரல் நுனி போயிற்று. சக்கரத்தை மறைக்கும் மூடி இருந்திருந்தால் கை உள்ளே போயிருக்காது. மூடி இல்லை. ஆனால் நிர்வாகம், "கவனக்குறைவு, இயந்திரத்துக்குச் சேதம்" என்று மாதக்காவையே சஸ்பெண்ட் செய்து, உள்விசாரணை வைத்தது. விசாரணை முடியும்வரை அரைச் சம்பளம்.

இங்கேதான் எங்கள் தலைவர் ரங்கப்பா வருகிறார். அவர் எங்கள் தொழிற்சாலைக்காரர் அல்ல. கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். ஊரில் நாலைந்து கம்பெனிகளின் சங்கங்களுக்கு அவரே தலைவர். சம்பள நாளன்று ஸ்கூட்டரில் வந்து, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் சிவப்புத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்காருவார். சந்தா சம்பளத்தில் பிடிப்பது கிடையாது. விருப்பப்பட்டவர்கள் மேசையில் கொடுக்கலாம். (விருப்பப்படாதவர்களிடம் அவர் ஊர் நலம் விசாரிப்பார். விசாரித்துக்கொண்டே இருப்பார். பஸ் போய்விடும்.)

சந்தாவுக்குக் கைமேல் பலன் என்றால், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு எவர்சில்வர் டப்பா. இயந்திரங்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, பொரியும் கடலையும் போட்டுக் கொடுப்பார். மூடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பாத்திரம் எதிலும் என் அப்பா பெயர் கிடையாது. ரங்கப்பா பெயர் மூன்றில் இருந்தது.

மாதக்காவின் விசாரணைக்கு ரங்கப்பா வந்தார். மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். "இந்தக் காகிதம் இல்லை, அந்தச் சாட்சி இல்லை" என்று வாய்தா வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறையும் அதுவே. அதற்கடுத்த முறை மேசையை இன்னும் பலமாகத் தட்டினார். வாய்தாவும் இன்னும் நீளமாகக் கிடைத்தது. மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கேன்டீனில் கொதித்தோம். பேக்கிங் பிரிவு சாவித்திரி நன்றாகக் கொதிப்பாள்.

"நம்ம சந்தாவுல பெட்ரோல் போட்டுட்டு வந்து, நம்ம கேஸுக்கே வாய்தா வாங்கிட்டுப் போறாரு. இதுக்கு அவரு வீட்லயே இருந்தா பெட்ரோலாச்சும் மிஞ்சும்."

"சந்தாவ நிறுத்திப் பார்த்தா?" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டெஸ்டிங் பெஞ்சில் விளக்கும் அதே நிதானத்தோடு விளக்கினேன். முதலாவது, சந்தா நம் விருப்பம். இரண்டாவது, விருப்பத்தை நிறுத்தினால் அவருக்கு உறைக்கும். மூன்றாவது, உறைத்தால் வேலை செய்வார். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. டப்பாக்களையும் மேசையில் திருப்பி வைக்க வேண்டும் என்பது சாவித்திரியின் சேர்க்கை. கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

மாதக்காவுக்கு மட்டும் தயக்கம். அரைச் சம்பளத்திலும் அவர் சந்தா நிறுத்தவில்லை.

"நானும் நிறுத்தோணுமா அம்மிணி? கேஸு என்றது. அந்தாளு எப்படியிருந்தாலும் எனக்கு வேணுமே."

"நீங்க கொடுத்தா எல்லாரும் கொடுத்துருவாங்க, மாதக்கா. ஒருத்தர் கொடுத்தாலும் இது வேலைக்கு ஆகாது."

"சரி. நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?"

இந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னவர்கள் அத்தனை பேரும் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சம்பள நாள் வந்தது. கேட்டிலிருந்து வரிசையாகப் போய், ஆளுக்கொரு காலி டப்பாவை மேசையில் வைத்தோம். சிவப்புத் துணி தெரியாமல் டப்பா அடுக்கு ஏறியது. முப்பது மூடிகளில் தன் பெயரை ஒரே நேரத்தில் பார்க்கும் வாய்ப்பு எந்தத் தலைவருக்கும் எளிதில் கிடைப்பதல்ல. ரங்கப்பா கோபப்படவே இல்லை. ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல மீன் குழம்பு வாசன வருது. யார்துப்பா? கழுவிக் கொடுக்க பேடவா, வேணாமா?"

சாவித்திரி மரத்தைப் பார்த்தாள். நான் ஒரு அடி முன்னால் போய் எங்கள் மூன்று பாயிண்ட்டையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நோடம்மா, சங்கம்னா பால் பூத் இல்ல, காசு வச்சதும் பாக்கெட் வர்றதுக்கு. சரி, உங்க விருப்பம். சந்தா இல்லன்னா மெம்பர் இல்ல. மெம்பர் இல்லன்னா ரங்கப்பா இல்ல. அஷ்டே, அவ்வளவுதான்."

டப்பாக்களை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். (அந்த ஆயுத பூஜைக்கு அவை வேறொரு கம்பெனியில் பொரியோடு விநியோகமாயின என்று கேள்வி. மீன் வாசனை போயிருந்ததா என்று தெரியவில்லை.) வீட்டில் அம்மா, "அந்தாள் மேல கோவம் சரி. டப்பா உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு உறைக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் விசாரணை நாள் வந்துவிட்டது.

தொழிலாளி தரப்பில் சங்கத்து ஆள் ஒருவரோ, உடன் வேலை செய்பவர் ஒருவரோ துணைக்கு உட்காரலாம் என்பது விதி. ரங்கப்பாவுக்கு ஆள் அனுப்பினோம். "அந்தம்மா மெம்பர் இல்லையே" என்று பதில் வந்தது. சாவித்திரியைக் கேட்டேன், நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாள். மற்றவர்களுக்கும் அன்றைக்கென்று நிறைய கிரகப்பிரவேசம் இருந்தது. எனவே நான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இத்தனை நாள் மேசையைத் தட்டியே வீணாக்கிவிட்டார்கள், ஒழுங்காக ஆறு பாயிண்ட் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். நடந்த வரிசையிலேயே ஆறையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

விசாரணை அதிகாரி நிர்வாகம் அமர்த்திய வக்கீல். சாதுவான மனிதர். பக்கத்தில் டைப்ரைட்டரோடு ஒருவர். மாதக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் அருகில் இருந்தார்.

"சொல்லுங்கம்மா."

"முதலாவது, அந்த இயந்திரத்துக்கு மூடி இல்லை சார்."

"டைப் பண்ணுங்க. அப்புறம்?"

"இரண்டாவது, விபத்துக்குப் பல நாள் முன்னாலேயே மூடி இல்லை. மூன்றாவது, டெஸ்டிங்கிலிருந்து போகும்போது நானே அதைப் பார்த்தேன்."

"ரொம்ப நல்லது. பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?"

"அதுதான் நான்காவது சார். மூடி இல்லாமல் ஓட்டினால் கை போயிடும்னு மாதக்காகிட்ட எச்சரித்தேன்."

அதிகாரி தலையை நிமிர்த்தினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"தெளிவா எச்சரிச்சீங்களா?"

"தெளிவாகச் சொன்னேன் சார். தமிழில்தான் சொன்னேன்."

"அவங்களுக்குப் புரிஞ்சதா?"

"மாதக்காவுக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை சார்."

"அதுக்கப்புறமும் ஓட்டினாங்க."

"ஐந்தாவது அதுதான். அதுக்கப்புறமும் ஓட்டினாங்க."

டைப்ரைட்டர் நின்றது. அதிகாரி மாதக்காவைக் கேட்டார். "இவங்க சொல்றது சரியாம்மா?"

மாதக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அம்மிணி பொய் சொல்லாதுங்க."

"போதும்" என்றார் அதிகாரி.

"சார், ஆறாவது இருக்கு." மூடியைக் கழற்றி வைத்ததே சூப்பர்வைசர்தான், கம்பி சுற்றும் பாபினை மாற்ற நேரமாகிறது என்று கழற்றினார், மாதக்கா ஓட்ட மாட்டேன் என்றதற்கு, ஓட்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார். இதுதான் ஆறாவது. மற்ற ஐந்தும் இதற்கு வழி செய்யத்தான் இருந்தன.

"எழுத்துல கொடுங்க, பார்க்கலாம்" என்று அவர் எழுந்துகொண்டார். டைப் அடித்தவர் காகிதத்தை உருவினார். மாதக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்திலும் கொடுத்தேன். பதிலாக டிஸ்மிஸ் உத்தரவு வந்தது. அதில் என் பெயர் நான்கு இடத்தில் இருந்தது, நிர்வாகத்தின் பலமான சாட்சியாக.

அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு சாவித்திரியும் நானும் ரங்கப்பா வீட்டுக்குப் போனோம். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கேஸ் முடிஞ்சா வேலை போகும்னு எனக்கு மொதல்லயே தெரியும்மா. அதான் முடிய விடல. வாய்தா இருக்கிற வரைக்கும் அந்தம்மாவுக்கு அரைச் சம்பளம் வந்துட்டிருந்துச்சு."

"அத எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் சாவித்திரி.

"நீங்க கேக்கலியே. டப்பா கொடுத்தீங்க."

அவர் உண்மையிலேயே அப்படித் திட்டமிட்டாரா, அல்லது சோம்பலுக்கு அந்தக் கணத்தில் ஒரு நல்ல பெயர் கிடைத்ததா என்பதை என்னால் இன்றும் சோதித்துச் சொல்ல முடியவில்லை.

மாதக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். வீட்டில் ஊதுபத்தி உருட்ட ஆரம்பித்திருந்தார். நான் போய் வாசலில் நின்றபோது, மீதி விரல்களால் மாவை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"நீ நல்லாத்தான் பேசினே அம்மிணி. கேக்கக் கேக்க, தப்பு என்ற மேலதான்னு எனக்கே தோணிப்போச்சு."

எங்கள் வீட்டில் இன்றைக்கும், நான் எதையாவது விளக்க வாயெடுத்தால் அம்மா கையைக் காட்டி நிறுத்துவார். "ஆறாவதுலேர்ந்து ஆரம்பிடி." என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள், காரணம் தெரியாமல். உதவிக்கு வந்திருந்த மாதக்கா அந்தக் கூடத்தில் காபி டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், அவரும் சிரித்தார்.

இப்போதைய நிலை: ரங்கப்பா எங்கள் தலைவராகவே இருக்கிறார். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்தோடு பேசி முடித்தார். விருப்பம் உள்ளவர்கள் கையெழுத்திடலாம் என்றார்கள். எல்லோரும் போட்டோம், நானும் போட்டேன். விசாரணை அறையில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்திருந்தோம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருந்தோம்.

சுற்று இயந்திரத்துக்கு மூடி போட்டுவிட்டார்கள். மாதக்காவின் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. ரங்கப்பாதான் நடத்துகிறார். வாய்தா கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இப்போது அரைச் சம்பளம் கிடையாது.