சம்பந்தி ஒரு சப்பர்

எல்லா வீட்டிலும் வாயை மூடத் தெரியாத பிள்ளை ஒன்று இருக்கும். கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில் அது நான். (இப்போதும் நான்தான், தலைமயிர் மட்டும் குறைந்திருக்கிறது.)

அக்கா கிரெக் என்ற வெள்ளைக்காரப் பெடியனை விரும்பினாள். அவன் வெள்ளைக்காரன் என்பதை அப்பா எப்படியோ விழுங்கிவிட்டார். ஆனால் அவனுடைய தகப்பன் ஹரி (சாமிப் பெயரல்ல, இங்கிலிஸ் Harry) இங்கிலாந்து இராணுவத்தில், எங்கள் பேச்சில் ஆமியில், இருந்தவர் என்று கேள்விப்பட்டதும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "இலங்கை ஆமிக்குப் பயந்து ஓடிவந்து, கடைசியில ஆமிக்காரன் வீட்டோடயே சம்பந்தமோ? ஆளைப் பாத்துக் கதைச்சுப்போட்டுத்தான் முடிவு சொல்லுவன்," என்றார். அக்கா அழுதழுது முகம் வீங்கிப்போனாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஹரி ஒஷாவா நகரத்திலிருந்து வந்தார். மனைவியை இழந்தவர், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து தடித்த கைகள், அமைதியான மனிதர். அவர் வந்த நேரம் அக்காவும் கிரெக்கும் கேக் எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். ஹரியின் வட இங்கிலாந்துப் பேச்சு அப்பாவுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் பல்கலைக்கழகம் போகிறவன் அல்லவா! "நான் சொல்லுறன், அப்பா," என்று இருவருக்கும் நடுவில் குந்திக்கொண்டேன்.

ஹரி தன் கதையைச் சொன்னார். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்த ஊரில் பள்ளிக்கூடம் முடிந்தால் ஒன்று சுரங்கம், இல்லாவிட்டால் ஆமி. இருட்டுக்குப் பயந்து ஆமியில் சேர்ந்தாராம். இவ்வளவையும் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.

"ஆமியில என்ன வேலை எண்டு கேள்," என்றார் அப்பா.

"சப்பர்," என்றார் ஹரி.

சப்பர் என்றால் இரவுச் சாப்பாடு. இது தெரியாதா எனக்கு? "சமையல்காரராம், அப்பா!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அட, துவக்குத் தூக்கேல்லையோ? சோறாக்கினவரோ!"

அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பதம் எப்பிடிப் பாக்கிறவர் எண்டு கேளடா."

வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். ஹரி நீளமாக விளக்கினார். வயிறு, கம்பி, மெல்லக் குத்துவது, இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது.

"ஆக்களின்ர வயிறுதான் முக்கியமாம். கம்பியால மெல்லக் குத்திப் பாப்பாராம்."

"நானும் கேக்குக்கு அப்பிடித்தானே குத்திறனான்!" என்றார் அம்மா. "பிழை விட்டால்?"

கேட்டுச் சொன்னேன். "பிழை விட்டால் ஆள் முடிஞ்சுதாம்."

"ஐயோ, சோறு குழைஞ்சதுக்கோ?"

வெள்ளைக்கார ஆமி அவ்வளவு கண்டிப்பு என்று விளக்கம் வேறு கொடுத்தேன். (யாராவது அப்போதே என்னை அறைந்திருக்கலாம்.)

அப்பா ஹரியின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனார். ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியின் முன்னால் நிறுத்தி அகப்பையைக் கொடுத்தார். ஹரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மனிதர் மரியாதைக்காக அகப்பை நிறையக் கறியை வாயில் ஊற்றினார். உறைப்பில் முகம் செவ்வரத்தம்பூவாகச் சிவந்து, தண்ணீர்க் குழாயின் கீழ் தலையைக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவும் கிரெக்கும் உள்ளே வந்தார்கள்.

"மாமாவை என்ன செய்தனீங்கள்?" என்று கத்தினாள் அக்கா.

"சமையல்காரர் எண்டபடியால் உப்புப் பாக்கச் சொன்னனான்," என்றார் அப்பா.

"ஆர் சொன்னது? அவர் வயித்தில படுத்துக் கிடந்து, கம்பியால நிலத்தைக் குத்தி மிதிவெடி எடுத்தவர், அப்பா! ஆமியில அந்த வேலைக்காரருக்குச் சப்பர் எண்டு பேர்!"

இரண்டு சப்பரும் தமிழ்க் காதுக்கு ஒன்றுதான் என்று வாதாட வாயெடுத்தேன். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அக்காவின் கலியாணத்தை ஒரு சொல்லால் குழப்பிவிட்டேனே என்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

ஊரில் பெரியப்பாவின் கால் மிதிவெடியில்தான் போனது. அதுவும் எங்கள் சொந்த வீட்டு வளவுக்குள். அப்பா ஹரியின் பக்கம் திரும்பினார். நான் மொழிபெயர்க்க முன்னால் நகர்ந்தேன்.

"நீ பேசாமல் இரு," என்றவர், தன் உடைந்த இங்கிலிஸில் தானே கேட்டார்: "நீங்கள் மிதிவெடியை நிலத்துக்குள்ள தாட்டனீங்களோ, வெளியில எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான்," என்றார் ஹரி, எல்லோருக்கும் விளங்கும்படி மெதுவாக.

அப்பா துவாயை எடுத்து அவருடைய முகத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். அன்றைக்கே கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் வேண்டாம். டொக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன் என்றால், "நீ வராத. இருமலுக்குப் போக ஒப்பரேசன் செய்துபோடுவாங்கள்," என்கிறார் அப்பா. ஹரியோ வந்தால் நேரே அடுப்படிக்குத்தான். கறியை நுனி நாக்கில் வைத்து, தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ் வசனத்தைச் சொல்வார்: "உப்புக் காணாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். உப்புக் கணக்காக இருந்தாலும் அம்மா இன்னும் ஒரு கிள்ளுப் போடுவார்.