புள்ளியின் பாலிசி

மருத்துவக் காப்பீட்டுக்கு இனி ஒரு தவணையும் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார் அச்சகத்தில் பிழை திருத்தும் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பூகம்பம் வந்ததுபோல் பதறுவதால் தெருவார் இட்ட பெயர் அது. பெரும்புள்ளி ஆகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா வந்தால் தவணை குறையும் என்றது ஆளுங்கட்சி. ஏறும் என்றது எதிர்க்கட்சி. தொலைக்காட்சியில் இருவரும் கத்திக்கொண்டிருக்கையில், தவணை யாரையும் கேளாமல் தானே ஏறிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க சார், மசோதா நிறைவேறட்டும்" என்றார் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்.

"பொறுங்க, தள்ளி நில்லுங்கன்னு சொல்லியே பழகிட்டீங்க. நான் இங்கேயே இறங்கிக்கறேன். அதுதான் என் பாலிசி."

உள்ளே, தையல் இயந்திரத்தின்முன் அவர் மனைவி ஊசியில் நூல் கோர்க்கத் தவித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை.

"தவணை கட்டலைன்னா என் கண்ணு ஆபரேஷன் என்னாகும்?"

"கண்ணே, பாலிசின்னு வந்துட்டா..."

"கண்ணேன்னு கொஞ்சினா புரை கரைஞ்சிடுமா?"

"மசோதா வரட்டும். மறுபடி சேர்ந்துக்கலாம்."

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்கவேண்டும். மனிதர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

காலையில் மேசைமேல் காப்பி இல்லை.

"காப்பீடுன்னா காப்பிக்கு ஈடு. ஈடு கட்டலைன்னா காப்பியும் இல்லை."

"அப்படிப் பிரிக்கக் கூடாது" என்று வழக்கம்போல் பிழை திருத்தினார். "காப்பு, ஈடு."

"காப்பா? அதையும்தான் இன்னும் வாங்கித் தரலை."

"தலை வலிக்குதும்மா. அரை டம்ளர் போதும்."

"உங்க தலைவலி கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கெல்லாம் ஈடு கிடையாதுங்க."

"சரி, புதுசா சேர்ந்துக்கறேன்."

"தாராளமா. ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

புள்ளி அவள் கண்ணைப் பார்த்தார். மறுபடி சேர்ந்தால் அந்தப் புரையும் அத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்பது காப்பி இல்லாத மூளைக்கும் விளங்கிவிட்டது. காப்பீட்டு அலுவலகத்தோடு இதுவரை பேசிவந்ததெல்லாம் அவள்தான். பாலிசி எண்ணைத் தேடியெடுக்கவே பெரும்பாடாயிற்று. நடத்துநர் காதில் விழாதபடி சன்னலைச் சாத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாலிசிக்காரர் பேசறேன்" என்றார் மிடுக்காக. "இன்னிக்கே தவணை கட்டிடறேன்."

"மேடம் போன வாரமே கட்டிட்டாங்களே" என்றது மறுமுனைப் பெண்குரல்.

"என் பாலிசிக்கு அவங்க எப்படிக் கட்டலாம்?"

"பாலிசி மேடத்தோடது, சார். நீங்க அதிலே வெறும் சார்ந்தவர்."