நான்காம் ஸ்டேஜும் ஐந்தாம் ரக்அத்தும்

தொழுகையில் ரக்அத் எண்ணிக்கையை, அதாவது எத்தனை சுற்றுத் தொழுதோம் என்ற கணக்கை, தவறவிட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் வருமா என்று நினைத்துத் தவறியவர் உண்டு. மகளின் கல்யாணத்தை நினைத்துத் தவறியவரும் உண்டு. ஒரு நண்டினால் தவறியவன் நான் ஒருவன்தான். அதுவும் கடல் நண்டு அல்ல, டீவிக்குள் இருந்த நண்டு.

(இதை வாசித்துவிட்டுத் தொழுகையை நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம். சிரிப்பதானால் என்னை நினைத்துத் தாராளமாகச் சிரியுங்கள். அல்லாஹ்விடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனைவிதான் இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை.)

நான் டைல்ஸ் பதிக்கிற மேசன். ஓ.எல். பரீட்சையோடு படிப்புக்கு ஸலாம் சொன்னவன். கல்முனையில் எத்தனையோ வீடுகளுக்கு நிலம் பதித்திருக்கிறேன். ஒரு வரிசையில் ஒரு கல் கூடியதில்லை, குறைந்ததில்லை. எண்ணுவதில் எனக்கு இருந்த பெருமையைத்தான் அல்லாஹ் ஒரே பிற்பகலில் இறக்கிவைத்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு ஒரே மகள், சுமையா. அவளுக்கு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை எடுத்தோம். பெயர் ரிஸ்வான். அக்கரைப்பற்றில் ஒரு அலுவலகத்தில் கம்பியூட்டர் வேலை. தங்கமான பிள்ளை. குறை ஒன்றே ஒன்றுதான். வாய் திறக்க மாட்டார்.

உண்மையைச் சொன்னால் நாங்களும் அவரை வாய் திறக்க விடவில்லை. புது மருமகன் என்றால் மரியாதை அல்லவா? அவர் மேசைக்கு வந்தால் என் மனைவி பௌசியா எட்டுக் கறியைப் பரத்திவைத்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குசினிக்குள் மறைந்துவிடுவாள். நான் என் சொந்த வீட்டில் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு திரிந்தேன். ஹோலுக்குள் நுழையும் முன் இருமினேன். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் அறைக்குள் போய்விடுவார். அவருடைய அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் வளவுக்குள் இறங்கிவிடுவேன். இப்படி ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஆண்கள் மூன்று மாதம் ஒளித்துப் பிடித்து விளையாடினோம். ஸலாமும் பதில் ஸலாமும் மட்டும்தான் கதை. அதையும் அவர் உதட்டுக்குள்ளேயே சொல்லுவார்.

ஒருநாள் சுமையா குசினியில் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உம்மா, அவர் அக்கரைப்பற்றில வாடகைக்கு ஒரு வீடு பாக்கிறாராம்."

பௌசியாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "ஏன்டி? இஞ்ச என்ன குறையாம்?"

"குறை ஒண்டுமில்லயாம். மாமாவுக்கும் மாமிக்கும் நான் கரைச்சலாத்தான் இரிக்கன் எண்டு சொல்றாரு."

நான் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் பேசும், 'மருமகனை வச்சிக்கத் தெரியாத வீடு' என்று சொல்லும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது மகளின் அறையில் விளக்கு எரியாத ஒரு வீட்டை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அவளுக்காகவே பதித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு சம்பந்தியும் அவருடைய மனைவியும் வருவதாகச் செய்தி வந்தது. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். முறைப்படி வந்து வீடு மாறுகிற விஷயத்தைச் சொல்லப்போகிறார்கள். காலையிலிருந்து ஒரே மழை. வீட்டுக்கு வருகிற சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கையில், முழங்கால் அளவு தண்ணீர்.

பௌசியா வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டே என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"இஞ்ச பாருங்க, அவங்க வாறத்துக்கு முந்தி மருமகனோட போய் இரிங்க. ரெண்டு வார்த்த கதைங்க. ஆம்பிளதானே நீங்க?"

"என்னத்தக் கதைக்கிற?"

"மழையப் பத்திக் கதைங்க!"

நான் இருமிக்கொண்டு ஹோலுக்குள் போனேன். மழைச் சத்தத்தில் இருமல் கேட்கவில்லைபோல. மருமகன் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார். டீவியில் ஒரு சின்னப் பெட்டியைக் கொழுவியிருந்தார். பழைய கேம்கள் எல்லாம் அடங்கிய பெட்டியாம். திரையில் ஒரு குள்ளன் குடையோடு நின்றான்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் குடைக்காரனை எனக்குத் தெரியும். எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேம் கடை இருந்தது. கேசட்டின் மேலே ஒட்டியிருந்த பெயர் கிழிந்துபோய் '2' என்ற இலக்கம் மட்டும் மிச்சம். அதனால் அதற்கு எங்கள் மத்தியில் 'ரெண்டு' என்றே பெயர். முதலாம் பாகத்தில் குள்ளன் வெறுங்கையோடு இடமிருந்து வலமாக ஓடுவான், குதிப்பான், விழுந்து சாவான். இரண்டாம் பாகத்தில்தான் அவனுக்குக் குடை கிடைத்தது. உயரத்திலிருந்து குதித்துக் குடையை விரித்தால் பஞ்சுபோல இறங்குவான். அந்த இறக்கத்தைப் பார்ப்பதற்காகவே எத்தனையோ நாள் டியூஷனுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். (என் ஓ.எல். பெறுபேற்றுக்கு விளக்கம் தேடியவர்களுக்கு இது போதும்.)

ஆனால் நான்காம் ஸ்டேஜை என்னால் ஒருநாளும் தாண்ட முடியவில்லை. கடல் பொங்கிக்கொண்டே வரும். முடிவில் பாறைக்கு மேலே வீட்டளவு நண்டு ஒன்று இருக்கும். பாறை எட்டாத உயரம். நான் எட்டாது என்று ஒப்புக்கொண்டேனா? இல்லை. "நேத்து நான் தனிய நண்டச் சாகடிச்சிட்டன், நீங்க யாரும் இரிக்கல்ல" என்று கூட்டாளிமாரிடம் அடித்துவிட்டேன். அந்தப் பொய்யோடுதான் வளர்ந்தேன், கல்யாணம் முடித்தேன், மாமனாரும் ஆனேன்.

"இது ரெண்டாவதுதானே?" என்று என் வாய் கேட்டது.

மருமகன் திடுக்கிட்டு எழும்பப் பார்த்தார். "ஓம்..." என்றார், சத்தமில்லாமல். பிறகு இரண்டாவது ஜொய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினார்.

நான் நிலத்தில் இருந்தேன். முதலில் மரியாதையாகத்தான் இருந்தேன். பழையதைத் திரும்பப் பார்க்கும்போது எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. நான் நினைவில் வைத்திருந்த பெரிய வானம் திரையின் மேலே ஒரு நீலக் கோடுதான். மலை என்று நினைத்தது நான்கு பச்சைச் சதுரம். ஆனால் விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மூன்றாவது தென்னைக்குப் பின்னால் குள்ளனுக்கு ஒரு மேலதிக உயிர் ஒளிந்திருக்கும். போய் எடுத்தேன். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக மரியாதை தவிர்ந்த வேறொன்று இருந்தது.

இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இரண்டு குள்ளன்கள் வருவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேம் கடையில் இரண்டாவது ஜொய்ஸ்டிக் எப்போதும் உடைந்தே கிடந்தது. ஒருவனுடைய தோளில் மற்றவன் ஏறிக் குதிக்கலாம். அப்படிக் குதித்தால்தான் அந்தப் பாறை எட்டும். அடப்பாவி, தனியாகத் தாண்டவே முடியாத இடத்தில் நான் பதினாறு வயது முழுவதையும் செலவழித்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைவாசிதான் ஞாபகம். மிச்சத்தை வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டையைக் கழற்றி எறிந்தேனாம். சாரனைத் தூக்கிக் கட்டினேனாம். குள்ளன் குதிக்கும்போதெல்லாம் நானும் ஒரு சாண் நிலத்தை விட்டு எழும்பினேனாம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடல் பொங்கி வர, நண்டு கொடுக்கை நீட்ட, மருமகனின் குள்ளன் என் தோளில் ஏறாமல் முழித்துக்கொண்டு நிற்க, நான் வீடு அதிரக் கத்தினேன்.

"டேய்! ஏறுடா! தோளில ஏறுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறாய்!"

குசினியில் சட்டி விழுந்த சத்தம் கேட்டது.

மூன்று மாதமாக 'நீங்க, வாங்க, சாப்பிடுங்க' என்று பொத்திப் பொத்தி வைத்த மருமகனை 'டா' போட்டுவிட்டேன். எனக்கு அது உறைக்கவில்லை. அவர் ஏறிவிட்டார். குதித்துவிட்டார். நண்டின் தலையில் ஒரு அடி விழுந்துவிட்டது.

வாசலில் சம்பந்தி நின்றிருந்தார். சாரன் முழங்கால் வரை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி. பக்கத்தில் குடையோடு அவருடைய மனைவி. அவர்கள் முறைப்படி மூன்று தடவை ஸலாம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தடவைக்கும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் மார்க்கம். அவர்கள் திரும்பி ஒழுங்கைத் தண்ணீரில் இறங்கியும் விட்டார்கள். சுமையா ஜன்னலால் கண்டு ஓடிப்போய்க் கூட்டிவந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தி" என்றார் அவர், நான்காவது தடவையாக.

நான் திரும்பிப் பார்த்தேன். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. நான் சொன்ன பதில் இதுதான்:

"கொஞ்சம் பொறுங்க, நண்டு சாகப்போகுது."

நண்டு செத்தது. வாத்தியம் முழங்கியது. "நாலு முடிஞ்சி! இனி அஞ்சு! அஞ்சு வந்திட்டு!" என்று கையைத் தூக்கினேன். பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பெனியன் தெரிந்தது, முழங்கால் தெரிந்தது, சம்பந்தி தெரிந்தார். அந்த நேரம் பார்த்து அஸருக்குப் பாங்கு சொன்னது.

பள்ளிக்குப் போக வழியில்லை. ஒழுங்கை ஆறாக ஓடியது. வீட்டிலேயே ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுவோம் என்றேன். சம்பந்தியை முன்னால் நிற்கச் சொன்னேன்.

"வீட்டுக்காரர் இரிக்கக்குள்ள நான் எப்பிடி? நீங்கதான் தொழுவிக்கணும்" என்று பின்னால் நின்றுகொண்டார்.

அவருக்குப் பக்கத்தில் மருமகன். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள். நான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினேன். அஸருக்கு நான்கு ரக்அத். வேர்வை இன்னும் காயவில்லை. 'மகளை அனுப்பப் போகிறேன், அவரை டா போட்டுவிட்டேன், ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை' என்று மனம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. நான்காவது ரக்அத் முடிந்தது. உட்கார்ந்து முடிக்க வேண்டும். என் கால் என்ன நினைத்ததோ, நான்கு முடிந்தால் ஐந்து என்று நினைத்ததோ, அல்லாஹு அக்பர் என்று எழும்பி நின்று கையையும் கட்டிவிட்டேன்.

"ஸுப்ஹானல்லாஹ்" என்று பின்னால் மெல்ல ஒரு சத்தம். இமாம் தவறினால் அப்படிச் சொல்லித்தான் ஞாபகப்படுத்துவார்கள். யாரோ திக்ர் செய்கிறார்கள் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் கை தட்டும் சத்தம். பெண்கள் அப்படித்தான் உணர்த்துவார்கள். பௌசியா மழைக்கு வந்து கடிக்கிற நுளம்பை அடிக்கிறாள் என்று நினைத்தேன். பின்னால் எல்லோரும் இருப்பில் இருக்க, முன்னால் நான் மட்டும் ஒற்றைப் பனைபோல நின்றேன்.

அப்போது வந்தது அந்தக் குரல்.

"ஸுப்ஹானல்லாஹ்!"

வீடே கேட்டது. மழையையும் தாண்டிக் கேட்டது. கனத்த, தெளிந்த, நல்ல குரல். யாருடையது என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குரலை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. என் மருமகனின் குரல்.

பொத்தென்று உட்கார்ந்தேன். அத்தஹிய்யாத் ஓதி, மறதிக்கான இரண்டு சுஜூதும் செய்து ஸலாம் கொடுத்தேன். முகத்தைத் திருப்பத் துணிவில்லை. கிப்லாவையே பார்த்துக்கொண்டு பாவமன்னிப்புக்கான இஸ்திக்ஃபார் ஓதினேன். துஆ முடிந்ததும் சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, அஞ்சாவது நம்மட மார்க்கத்தில இல்ல. டீவியிலதான் இரிக்கி."

திரைச்சீலைக்குப் பின்னால் முதலில் சுமையா வெடித்தாள். பிறகு பௌசியா. பிறகு ரிஸ்வான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வர வர, "மாமா, மாமா" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அவர் என்னை மாமா என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

வட்டிலப்பம் வந்தது, தேத்தண்ணி வந்தது. சம்பந்தி கோப்பையை வைத்துவிட்டு, "நாங்க வந்த விஷயம் என்னெண்டா..." என்று தொடங்கினார். நான் வட்டிலப்பக் கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"வாப்பா" என்றார் மருமகன். "அந்த வீட்டுக் கதைய விடுங்க."

"ஏன் மகன்? நீங்கதானே சொன்ன, அவங்களுக்கு நீங்க கரைச்சல் எண்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வீட்டில எல்லாரும் என்னப் பாத்து எழும்புற, ஒதுங்குற. விருந்தாளியா எத்தின நாளைக்கி இரிக்கிற? இண்டைக்கித்தான் மாமா என்ன ஏசினாரு." தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வைத்தார். "வீட்டுப் பிள்ளையத்தானே ஏசுவாங்க."

நான் எழும்பி முகம் கழுவப் போனேன். (அஸருக்கு முன் கைகால் கழுவிச் செய்த வுழூ முறிந்திருக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.)

மகளும் மருமகனும் எங்கும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பௌசியா இப்போது அவருக்கு ஒரே ஒரு கறிதான் வைக்கிறாள். அதிலும் உப்பில்லை என்று அவர் சண்டை பிடிக்கிறார். ஐந்தாம் ஸ்டேஜில் இன்னும் செத்துக்கொண்டே இருக்கிறோம்.

வீட்டில் நான் தொழுவிக்க நின்றால், இகாமத் சொன்ன கையோடு ரிஸ்வான் எனக்கு முன்னால் விரலை நீட்டிக் காட்டுவார். அஸருக்கு நான்கு விரல். மஃரிபுக்கு மூன்று. சம்பந்தி வீட்டார் வந்திருந்தால் இரண்டு கையாலும் காட்டுவார். பௌசியா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வாள்.

போன மாதம் அவர் மூன்று நாள் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனார். முதல் நாள் அஸர். நானும் பௌசியாவும் சுமையாவும் மட்டும். நான் முன்னால் நின்றேன். விரல் காட்ட ஆள் இல்லை. தக்பீர் கட்டக் கை எழும்பாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பின்னால் சுமையாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"வாப்பா, அவர்தான்" என்று கொண்டுவந்து காட்டினாள்.

ஸலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. ஒரே ஒரு இலக்கம். 4.

போனை அணைத்து அலுமாரியில் வைத்துவிட்டு, தக்பீர் கட்டினேன்.