ரட்சா கவசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களைப் பார்த்ததும் பிரித்துவிடலாம். கையில் தேங்காய் பழம் இருந்தால் கோயிலுக்குப் போகிறவர்கள். கக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் கவச சாமிகளிடம் போகிறவர்கள். கொஞ்ச காலமாக இரண்டாவது கூட்டம்தான் ஜாஸ்தி.

கவச சாமிகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராஜ்கமல். வைரஸ் என்பது தோஷம் என்று உலகத்துக்குச் சொன்ன மகான். கம்ப்யூட்டர் வாங்கிய நாளின் நட்சத்திரம் கேட்பார். எலுமிச்சம்பழத்தால் சுற்றிப் போடுவார். பிறகு குங்குமம் வைத்த பென்டிரைவைச் சொருகி, 'ரட்சா கவசம்' என்ற தன் சாஃப்ட்வேரை ஏற்றுவார். திரையில் தோஷங்கள் சிவப்பாக ஓடும். மந்திரம் முடிந்ததும் எல்லாம் பச்சையாகிவிடும். பென்டிரைவைப் பிரசாதமாகக் கையில் கொடுத்துவிடுவார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தட்சணைத் தட்டு நிரம்பும்.

கடலூர் செம்மண்டலத்து மணவாளனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இரும்புக்கடை வைத்திருந்தார். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர், அந்தப் படிப்பு பீரோவில் பத்திரமாக இருந்தது.

அவர் மனைவி பவானி ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி டிசைன் வரைந்து, சிங்கப்பூர்வரை மெயிலில் அனுப்பிச் சம்பாதிக்கிறவள். வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அவள் பட்டறை. அது திடீரென்று நகர மறுத்தது. காரணம் மணவாளன்தான். நெட்டில் 'இலவசம்' என்று எங்கே கண்டாலும் இறக்கிவிடுவார். மூன்று ஆன்டிவைரஸ்கள் உள்ளே உட்கார்ந்து, ஒன்றையொன்று திருடன் என்று மடக்கிக்கொண்டிருந்தன.

"ஏங்க, அதெல்லாம் எடுத்துடுங்க. விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே ஃப்ரீதான். ஃபயர்வாலும் அதுலயே இருக்குது. அப்டேட் மட்டும் ஒழுங்கா போட்டா நமக்கு அது போதும்" என்றாள் பவானி.

"சும்மா கெடைக்கிறதுல இன்னா பவர் இருக்கப் போவுது?" என்றார் மணவாளன். மூன்று இலவசங்களை இறக்கிய அதே மணவாளன்.

பவானி ஒரு கல்யாணத்துக்காக அண்ணாகிராமம் போன சமயம் பார்த்து, சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்.

"வேற காவல் இருக்கிற எடத்துல நம்ம கவசம் எறங்காது. எல்லாத்தையும் கழட்டணும்" என்றார் சாமிகள்.

ஆன்டிவைரஸ் போனது. டிஃபெண்டர் அணைந்தது. ஃபயர்வாலும் அணைந்தது. வீட்டுக்கு வருகிற கள்ளன்கூட இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்கமாட்டான். மணவாளன் கைகூப்பி நின்றார்.

கம்ப்யூட்டர் பறந்தது. மூன்று பேர் சண்டை ஓய்ந்தால் பறக்காமல் என்ன செய்யும்? "பாத்தியா சாமியோட சக்திய!" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து மெஹ்ரீன் போன் செய்தாள். பவானியின் பழைய வாடிக்கைக்காரி.

"பவானிக்கா, ஒங்க மெயில்லேருந்து ஒரு லிங்க் வந்துச்சு. தொட்டா பேங்க் பாஸ்வேர்டு கேக்குது. நீங்களா அனுப்பினீங்க?"

அவளுக்கு மட்டுமல்ல, எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் போயிருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்த நல்ல பெயர் ஒரே காலையில் போனது. பவானி மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். மணவாளனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாமிகளிடம் போன கதையை அப்போதுதான் மென்று விழுங்கிச் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிஃபெண்டரை மறுபடி இயக்கிச் சோதித்தாள். அது பிடித்த முதல் திருடும் சாஃப்ட்வேரின் பெயர் ரட்சா கவசம்.

"ஒருவேளை... சாமியோட சக்தி அதுக்குப் புரியலியோ என்னமோ" என்றார் மணவாளன்.

"சரி. சாமிகிட்டயே கேட்டுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிதம்பரம் போனார்கள். சாமிகளின் மண்டபத்தில் அவர் லேப்டாப்பைப் பெரிய டி.வி.யில் இணைத்திருந்தார்கள், பக்தகோடிகள் தரிசிக்க. பவானி அதன் ஓரத்தைப் பார்த்தாள். டிஃபெண்டரின் சின்னக் கேடயம் அங்கே சமர்த்தாக இருந்தது.

குங்குமத்தைத் துடைத்துவிட்டு, சாமிகள் கொடுத்த பென்டிரைவையே நீட்டினாள். "சாமி, இதுல தோஷம் இருக்குதான்னு பாருங்க."

தன்னுடையதுதான் என்று தெரியாமல் சாமிகள் சொருகித் திறந்தார். டி.வி.யில் எச்சரிக்கை எழுந்தது: ஆபத்தான சாஃப்ட்வேர், ரட்சா கவசம், தடுக்கப்பட்டது.

கூட்டம் முன்னால் நகர்ந்தது. குமராட்சியிலிருந்து மகளின் லேப்டாப்போடு வந்திருந்த தில்லையம்மாள் சத்தம் போட்டுப் படித்தாள். "இன்னா சாமி, ஒங்க பேரையே போடுது?"

"யாரோ செய்வினை வெச்சிருக்காங்க!" என்றார் சாமிகள்.

"இருக்கட்டும் சாமி. வேற காவல் இருந்தா கவசம் எறங்காதுன்னீங்களே? ஒங்க லேப்டாப்புல டிஃபெண்டர் ஓடுதே. அதைக் கழட்டிட்டு, ஒங்க கவசத்தை மட்டும் போடுங்க. இப்பவே. எல்லாரும் பாக்கறோம்" என்றாள் பவானி.

சாமிகள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து லேப்டாப்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"போடுங்க சாமி!" என்று கத்தியது மணவாளன்தான். "என் பொண்டாட்டி பொழப்புல போட்டீங்களே, ஒங்களுதுல போடுங்க!"

சாமிகள் லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி அணைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சாமிகள் முன்னால் வைத்திருந்த மகளின் லேப்டாப்பைத் தில்லையம்மாள் பிடுங்கிக்கொண்டாள். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். பின்கதவு வழியாக ஓடப் பார்த்தவரைப் பக்தர்களே மடக்கி, அதே பக்தியோடு உட்காரவைத்தார்கள். பக்தர்களின் பாஸ்வேர்டுகளைச் சாமிகள் எங்கே அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை சைபர் கிரைம்காரர்கள் அன்று மாலையே நோண்ட ஆரம்பித்தார்கள்.

பவானி கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினாள். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மணவாளனே மன்னிப்புக் கேட்டார். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். மெஹ்ரீன் திரும்பி வந்தாள். பலர் வரவில்லை.

மண்டபத்தில் அன்று கடைசிவரை நின்ற ஒரு பெரியவர் மணவாளனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "சாஃப்ட்வேர் மோசம்தான், ஒத்துக்கறேன். மந்திரமாவது நல்ல மந்திரமா தம்பி?"

கம்ப்யூட்டரோடு ஒரு காவல் இலவசமாக வருகிறது. மனிதனோடும் ஒன்று வருகிறது, கழுத்துக்கு மேலே. நம்மில் பாதிப் பேர் இன்னும் அதை ஆன் செய்தே பார்க்கவில்லை.