மோதிரதாசர்: ஒரு சொல்லின் பிறப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பேராயரின் அதிகாரத்தை ஆதரிப்போரைக் குறிக்கும் ‘மோதிரதாசர்’ என்னும் சொல்லுக்கு இனி அரசே பொருள் வழங்கும். தனியார் யாரும் பொருள் கொள்ளலாகாது.

திருக்கோல் நாட்டில் பேராயரின் மோதிரத்தை முத்தமிட்ட பிறகே கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம். பேராயருக்குக் கைவலி வந்தது. மோதிரத்தைக் கழற்றிக் கிணற்றடித் தூணில் ஓர் ஆணியில் மாட்டினார்கள். ஆணியை முத்தமிடுவது பார்க்க நன்றாயில்லை என்று, கண்ணை மூடிக்கொண்டே முத்தமிட வேண்டும் என இன்னொரு சட்டம் வந்தது.

கண்ணை மூடி நின்ற அந்த வரிசையைப் பார்த்துத்தான், தண்ணீருக்கு வந்த சலேத்தம்மாள், “தூ! மோதிரதாசனுங்களா!” என்று காறித் துப்பினாள். அவளைச் சிறையில் போட்டார்கள். சொல்லைப் போட முடியவில்லை. ஊரெல்லாம் அதே பேச்சு. சரி, பட்டமாக்கிவிடுவோம் என்று ஆலோசனைச் சபை முடிவு செய்தது.

அரண்மனை அகராதிக்காரன் இஞ்ஞாசி சலேத்தம்மாளின் தம்பி. பேராயரின் பதிலாளான விகாரியார் அவனை அழைத்தார்.

“ஆதியில் வானதூதராம் ஒரு சம்மனசு அருளிய சொல் என்று எழுதும்.”

“சாமி, அது போன மாசம் எங்க அக்கா திட்டினது.”

“அப்படியானால் உம் அக்காதான் சம்மனசு. சம்மனசைச் சிறையில் வைக்கலாமா? நீர் எழுதும், நாம் திறக்கிறோம்.”

இஞ்ஞாசி எழுதினான். அக்கா வெளியே வந்தாள். மறுநாளே, பட்டத்தை ஏற்காதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று முரசறைந்தார்கள். ஆதாரமாக அவன் எழுதியதையே வாசித்தார்கள். பாதித் தெரு வறண்டது. சலேத்தம்மாள் கிணற்றுப் பக்கமே போகவில்லை. உதடு வெடித்துக் கிடந்தாள்.

இஞ்ஞாசி ஒரு குடம் கொண்டுவந்து வைத்தான்.

“எத்தன முத்தம்டா இதுக்கு?”

“ரெண்டுக்கா. உனக்கும் சேத்து.”

அவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். தண்ணீர் அவன் பாதத்தை நனைத்துக்கொண்டு வாசல் வரை ஓடியது.

“ஆணியில மோதிரம் இருக்கான்னாச்சும் பாத்தியாடா, படிச்சவனே?”

“கண்ண மூடிக்கணும்ல, அக்கா...”

மறுநாள் தன் முறை வந்தபோது இஞ்ஞாசி கண்ணைத் திறந்து பார்த்தான். ஆணி துருப்பிடித்திருந்தது. மோதிரம் இல்லை. பின்னால் நின்றவர், “சீக்கிரம்யா, வெயில் ஏறுது” என்றார்.

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முத்தம் கொடுத்தான்.