எருமைத் தோலில் கட்டிய டிராக்டர்

இருபது வருடமாக ஆம்பூரில் தோல் கம்பெனி சூப்பர்வைசராக இருக்கிறேன். நனைந்த தோல் இளகும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவதே நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலம்.

அக்கா வீட்டுக்காரர், கலவை மாமா, ஆம்பூர்ப் பக்கம் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். அதை அவர் ஊரான கலவைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முந்தின நாள்தான் மழை. ஈரம் காய்வதற்குள் உழுது நிலக்கடலை போட்டாக வேண்டும். விட்டால் அந்தப் போகமே போச்சு. என் தோஸ்த் அன்வரிடம் டிரெய்லர் இருந்தது. வாத்து போலக் கழுத்தை வளைத்து, இழுக்கும் வண்டியின் முதுகில் தலைவைத்துப் படுத்திருக்கும். டிராக்டரை அதில் கட்டச் சங்கிலி கொண்டுவருவது மட்டும் என் பொறுப்பு.

நான் கொண்டுபோனது எட்டுத் தோல் பெல்ட். (ஏற்றுமதியில் கழித்த சரக்கு. ஏன் கழித்தார்கள் என்று நானும் கேட்கவில்லை.)

"இன்னாடா இது, சங்கிலி எங்க?" என்றான் அன்வர்.

"எருமைத் தோலுடா. ஒரு முழு எருமைய உள்ள வச்சிக் காப்பாத்தின தோலு."

"சக்கரத்துக்கு முட்டுக்கட்டை?"

"பெல்ட்டு இருக்குதில்ல."

"ஹேண்ட் பிரேக்காவது போட்டியா?"

அதற்கும் பெல்ட்டையே காட்டினேன். ஏற்றி இறக்கும் சாய்வுப் பலகையையும் அதிலேயே கட்டி, என் கைவேலையை நானே இரண்டு முறை சுற்றிவந்து ரசித்தேன்.

மாதனூர் தாண்டியதும் மழை. பாலாற்றுக்கென்று வைத்திருந்ததையெல்லாம் வானம் எங்கள்மேல் கொட்டியது. மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. பின்னால் எட்டு பெல்ட்களும் என்னைப் போலவே இளகிக்கொண்டிருந்தன.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசை மெல்ல நகர்ந்தது. அன்வர் கண்ணாடியைப் பார்த்தான்.

"மாமா, பின்னாடி நம்ம டிராக்டர் மாதிரியே ஒண்ணு நிக்குது."

மாமா எட்டிப் பார்த்தார். "மாதிரி இல்லப்பா. அதேதான்."

பலகை அவிழ்ந்து விழ, அதன் வழியே தானாக இறங்கி, வேகத்தடையில் முட்டி, பால் வண்டிக்கு ஒரு முழம் முன்னால், டிரைவரே இல்லாமல் வரிசையில் நின்றிருந்தது. எங்களைவிட ஒழுங்காக. மாமா ஓடிப்போய் நான்கு சக்கரங்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, தொங்கிய பெல்ட்டை ஒற்றை விரலால் தூக்கினார்.

"எங்க வேல செய்ற?"

"தோல் கம்பெனி சார்."

என்னையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சங்கிலி வர்ற வரைக்கும் வண்டி நகரக்கூடாது."

அன்வர் சங்கிலி தேடிப் போனான். ஓரம்கட்டிய டிராக்டரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். (ஹேண்ட் பிரேக் நன்றாகவே வேலை செய்தது. மாமாதான் எழுந்திருக்க விடவில்லை.)

நல்லவேளை, ஈரம் காத்திருந்தது. மறுநாள் காலையில் உழுதுவிட்டார். ஆனால் முன்பக்க அச்சில் கட்டிய ஒரு பெல்ட் மட்டும், வெயிலில் காய்ந்து, சுருங்கி, இறுகி, யார் அவிழ்த்தும் அவிழவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை முதலில் அதைப் பார்க்கத்தான் மாமா கூட்டிப்போகிறார். நான் கத்தியோடு குனிந்தால் தடுத்துவிடுவார்.

"இருக்கட்டும் மச்சான். இப்பதான் ஒழுங்கா புடிச்சிக்கினு இருக்குது."